பந்து வீசுபவரின் தொப்பி

சிட்னியில் சனிக்கிழமைதோறும் பூங்காவில் கிரிக்கெட் ஆடும் எங்களைப் போன்ற கடைசி கிரேடு அணிகளுக்கு அம்பயர் என்று தனியாக யாரும் வரமாட்டார்கள். பேட்டிங் செய்யும் அணியே இரண்டு பேரை அனுப்ப வேண்டும். அவுட்டாகி வந்தவன் பேடை அவிழ்த்துப் போட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, பந்தை எண்ணச் சட்டைப்பையில் ஆறு கூழாங்கற்களைப் போட்டுக்கொண்டு உள்ளே போவான். பத்து ஓவர் நின்றதும் அடுத்தவன் வந்து மாற்றிவிடுவான். அதாவது என் அணிக்காரன் அவுட்டா இல்லையா என்பதை நானே சொல்ல வேண்டும். மதுரையில் என் பழைய கூட்டாளிகளிடம் இதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்படியானால் ஒருத்தன்கூட அவுட்டாக மாட்டானே என்றார்கள். ஆகிறார்கள். நாங்களும் கொடுக்கிறோம், அவர்களும் கொடுக்கிறார்கள். அந்த ஏற்பாட்டில்தான் நான் கை வைத்தேன்.

முதலில் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூடப் பிறந்தவர் இல்லை. யாழ்ப்பாணத்துக்காரர், லிட்கமில் வீடு, ரயில் பெட்டிகளைப் பராமரிக்கும் பிரிவில் என்ஜினியர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் மென்பொருளில் பிழை கண்டுபிடிக்கும் வேலைக்காரன். அடுத்தவன் தப்பைத் தோண்டி எடுப்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அவர் என்னைத் தம்பி என்பார், ஆனால் 'நீர்' போட்டுத்தான் பேசுவார். ஆரம்பத்தில் அந்த 'நீர்' கேட்கும்போது கோர்ட்டில் நிற்பதுபோல இருந்தது. பிறகு அது இல்லாமல் வேறு யாராவது பேசினால் மரியாதைக் குறைவாகத் தோன்றியது.

டெஸ்ட் மேட்ச் பார்க்கும்போது அவருக்கு நாடு கிடையாது. நீங்கள் யார் பக்கம் என்று எங்கள் ஆட்கள் வம்புக்கு இழுத்தால், "நல்லா விளையாடுறவையின்ர பக்கம்" என்று மழுப்பிவிடுவார். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் மழுப்பமாட்டார். மட்டையில் பந்து பட்டு கீப்பர் பிடித்த பிறகும், ஒன்றுமே தெரியாத முகத்தோடு அம்பயரைப் பார்த்து நிற்கிறானே ஒருவன், அவனைக் கண்டால் அவருக்கு ஆகாது. எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் சரி, டிவியைப் பார்த்துப் பேசத் தொடங்கிவிடுவார். "உனக்குத் தெரியும்தானே? பிறகேன் நிக்கிறாய்? போ, வெளியால போ."

நான் எதிர்க்கட்சி. அம்பயர் எதற்கு இருக்கிறார், மூன்றாவது அம்பயர் எதற்கு, இத்தனை கேமராவும் கருவியும் எதற்கு, ஆடுகிறவன் ஏன் தன்மேல் தானே தீர்ப்பு எழுத வேண்டும் என்று வாய் கிழியப் பேசுவேன். அக்கா, அதாவது அவர் மனைவி, தேநீரை வைத்துவிட்டு, "இண்டைக்கும் துவங்கிட்டியளோ?" என்று சமையலறைக்குள் போய்விடுவார். ஐந்து வருடமாக இந்த ஒரே சண்டைதான். எனக்கு அது பிடித்திருந்தது.

அவர் பேசுவதோடு நிற்பவரும் இல்லை. பூங்காவில் பந்து லேசாக உரசினாலே மட்டையை அக்குளில் செருகிக்கொண்டு நடக்கத் தொடங்கிவிடுவார். சில நாள் எதிரணி அப்பீல் செய்வதற்கு முன்பே நடந்திருக்கிறார். எங்கள் கேப்டன் தலையில் அடித்துக்கொள்வான். ஆனால் அதில் இன்னொரு பக்கமும் உண்டு. எங்கள் வட்டாரத்தில் நாலைந்து அணிகளுக்கு அவரைத் தெரியும். அவர் நடக்காமல் நின்றால் பந்து படவில்லை என்று அர்த்தம். அப்பீலைப் பாதியில் விட்டுவிட்டுத் தங்கள் இடத்துக்குத் திரும்பிவிடுவார்கள். அவருக்கு அங்கே இருந்த சொத்து அந்தப் பெயர் ஒன்றுதான். சதம் கிடையாது. ஐம்பத்திரண்டு வயது வரை அவர் அடித்ததில் அதிகம் எண்பத்தொன்பது.

அது ஒரு டிசம்பர் சனிக்கிழமை. பிரிஸ்பேனில் இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் டெஸ்ட் நடந்துகொண்டிருந்தது. முந்தின நாள் வெள்ளிக்கிழமை மாலை எங்கள் ஆள் ஒருவர் அடித்த பந்தை அவர்களுடைய ஃபீல்டர் ஒருவர் புல்லோடு புல்லாக விழுந்து பிடித்தார். பிடித்தாரா, தரையில் பட்டதா என்று பத்துக் கோணத்தில் காட்டினார்கள். பத்திலும் ஒன்றும் புரியவில்லை. அவுட் கொடுத்துவிட்டார்கள். இன்று யோசித்தால், அந்த மனிதருக்கே தெரிந்திருக்காது என்றுதான் படுகிறது. அன்று நான் அப்படி யோசிக்கவில்லை. எங்கள் வாட்ஸப் குழுவில் அனல் பறந்தது. அதிகம் ஊதியவன் நான். இவங்க எல்லாருமே இப்படித்தான் என்று எழுதினேன். எல்லாரும் என்று எழுதும்போது நான் ஒரு முகத்தைக்கூட நினைக்கவில்லை.

சனிக்கிழமை காலை அதே சூட்டோடு மைதானத்துக்குப் போனேன். எதிரணி முழுக்க வெள்ளைக்காரர்கள். அவர்களில் ஒருவர் பஸ் டிரைவர், ஐம்பதைத் தாண்டியவர், தாடி பாதி செம்பட்டை பாதி நரை, மூக்கில் வெள்ளைக் களிம்பு. நானும் அண்ணனும்தான் முதலில் இறங்கினோம். நான் மூன்று ரன் எடுத்திருந்தபோது பந்து மட்டை விளிம்பில் பட்டு ஸ்லிப்புக்குப் போனது. அங்கே நின்ற பஸ் டிரைவர் முன்னால் விழுந்து எடுத்தார். அவருடைய ஆட்கள் கையைத் தூக்கிக் கத்தினார்கள். எங்கள் அம்பயர் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். பஸ் டிரைவர் முட்டியில் ஒட்டிய புல்லைத் தட்டிக்கொண்டே எழுந்தார்.

"நோ, மேட். பௌன்ஸ்டு," என்றார். பந்து தரையில் பட்டுவிட்டதாம்.

அவ்வளவுதான். பந்தைக் கீப்பரிடம் போட்டுவிட்டுத் திரும்ப வந்து குனிந்து நின்றார். அவர் சொல்லியிருக்காவிட்டால் நான் போயிருப்பேன். அதற்குப் பிறகு இருபத்திரண்டு ரன் எடுத்தேன். நியாயமாக அந்த இருபத்திரண்டையும் அவருக்குத்தான் எழுத வேண்டும்.

நான் அவுட்டாகி வந்து உட்கார்ந்தபோது அண்ணன் நாற்பதில் இருந்தார். பிறகு அறுபது. பிறகு எண்பது. அக்கா ரோல்ஸும் கட்லட்டும் கொண்டுவந்திருந்தார். யாருக்கும் சாப்பிடத் தோன்றவில்லை. எண்பத்தொன்பதைத் தாண்டியபோது நாங்கள் கை தட்டினோம், அவர் எதற்கென்று தெரியாதவர்போல மட்டையைத் தரையில் தட்டிக்கொண்டு நின்றார். தொண்ணூற்று மூன்றில் அம்பயர் மாற வேண்டிய நேரம் வந்தது. என் முறை. கூழாங்கற்களை வாங்கிக்கொண்டு போய் நின்றேன்.

என் முனையிலிருந்து பந்து வீச வந்தவர் பஸ் டிரைவர். வழக்கம்போலத் தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். வெயிலில் நிறம் போன பழைய அகலத் தொப்பி. கூடவே மூக்குக் கண்ணாடியையும் கொடுத்து, "இதைப் பார்த்துக்கொள், இல்லாவிட்டால் என் மனைவி என்னைக் கொன்றுவிடுவாள்," என்று இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தார். நான் தொப்பிக்குள் கண்ணாடியை வைத்துப் பிடித்துக்கொண்டேன்.

முதல் பந்தை அண்ணன் நாலுக்கு விரட்டினார். தொண்ணூற்றேழு. மூன்றாவது பந்து வெளியே போனது. அண்ணன் மட்டையை நீட்டினார். சத்தம் கேட்டது. சந்தேகத்துக்கு இடமே இல்லாத சத்தம், காய்ந்த குச்சி ஒடிவதுபோல. கீப்பர் பிடித்தார். பஸ் டிரைவர் என் பக்கம் திரும்பிக் கையை விரித்து அப்பீல் செய்தார்.

அண்ணன் நடக்கவில்லை.

நின்றுகொண்டே என்னைப் பார்த்தார். அந்த இரண்டு மூன்று விநாடியில் என் தலைக்குள் என்னென்ன ஓடியது என்பதை நான் எத்தனையோ தடவை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அண்ணனுக்கு இந்த நூறு வேண்டும் என்று நினைத்தேன். அது உண்மை. ஆனால் பிரிஸ்பேனில் நேற்று என்ன செய்தீர்கள் என்றும் நினைத்தேன். அதுவும் உண்மை. காலையில் என்னிடம் பொய் சொல்லத் தெரியாமல் நின்ற மனிதரின் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத எவரோ ஒருவர்மேல் இருந்த கோபத்தை அவர்மேல் தீர்த்தேன்.

"நாட் அவுட்," என்றேன். குரல் தெளிவாகத்தான் வந்தது.

பஸ் டிரைவர் ஒரு கணம் நின்றார். அண்ணனைப் பார்த்தார். அவர் அசையாமல் நிற்பதைப் பார்த்தார். பிறகு தன் ஆட்களிடம், "அவர் நிற்கிறார் என்றால் படவில்லை, விடுங்கள்," என்றார். அதோடு விடாமல் அண்ணனைப் பார்த்து, "சாரி, மேட்," என்று கையை உயர்த்தினார். வீணாக அப்பீல் செய்ததற்கு மன்னிப்பு.

அடுத்த ஓவரில் அண்ணன் நாலு அடித்தார். நூற்றொன்று. எங்கள் ஆட்கள் மைதானத்துக்குள்ளேயே ஓடிவந்து அவரைத் தூக்கினார்கள். அக்கா கைபேசியில் எடுத்த படம் இருக்கிறது. அதில் அண்ணன் மட்டையை மார்புக்கு மேல் தூக்கவில்லை. அப்போது அதைக் கூச்சம் என்று நினைத்தேன். பஸ் டிரைவர் ஓடிவந்து முதல் ஆளாகக் கை கொடுத்தார். பதினொரு ரன்னில் ஜெயித்தோம். அதற்கு முன்பு, நான் நாட் அவுட் சொன்ன அந்த ஓவர் முடிந்ததும் தொப்பியையும் கண்ணாடியையும் திருப்பிக் கொடுத்தபோது, அவர், "தாங்க்ஸ், மேட்," என்றார். நான் எங்கேயோ பார்த்தேன்.

அடுத்த வாரம் ஹரிஸ் பார்க் பகுதியில் ஒரு உணவகத்துக்கு எல்லாரும் சாப்பிடப் போனோம். அன்றைய மேட்ச் பந்தை ஒரு மரப்பலகையில் பதித்து, கீழே 101 என்று பொறித்துக் கொடுத்தோம். கேப்டன் அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடினான். அண்ணன் நன்றி சொல்லிவிட்டு, பிரியாணியைக் கிளறிக்கொண்டே இருந்தார். அதற்கடுத்த சனிக்கிழமை அவர் ஆட வரவில்லை. முழங்கால் நோகிறது என்றார். ஐம்பத்திரண்டு வயது முழங்காலை யார் சந்தேகப்படுவார்கள்? நான் சந்தேகப்பட்டேன். வாயைத் திறக்கவில்லை.

கிறிஸ்துமஸ் சமயத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். வரவேற்பறையில் அந்தப் பலகை இல்லை. நாற்காலி ஒன்று எடுக்கக் கராஜுக்குள் போனபோது பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் அது சுவரைப் பார்த்தபடி இருந்தது. பின்னால் வந்த அக்கா நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

"அவர்தான் இங்க கொண்டுவந்து வைச்சவர் தம்பி. ஏன் எண்டு கேட்டா கதைக்கிறார் இல்லை. உங்களுக்கு ஏதும் தெரியுமோ?"

"தெரியலையேக்கா," என்றேன். ஒரு பொய்க்குக் காவலாக இன்னொரு பொய். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

ஜனவரியில் சிட்னி டெஸ்ட். வருடா வருடம் ஒருநாள் நானும் அவரும் சேர்ந்து போவோம். அவர் வரமாட்டார் என்று நினைத்தேன், வந்தார். லிட்கமில் ரயில் ஏறும்போதே அக்கா கட்டிக்கொடுத்த மீன் கட்லட் பொட்டலம் கையில் இருந்தது. எங்களுக்குக் கிடைத்த இருக்கை இந்திய ரசிகர்கள் மொய்த்துக் கிடந்த பகுதியில். மேளம், கொடி, கூச்சல். சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு அது நடந்தது. எங்கள் பேட்ஸ்மேன் ஒருவர் தொட்டார், கீப்பர் பிடித்தார், அம்பயர் கொடுக்கவில்லை. அவர்களிடம் ரிவ்யூ மிச்சமில்லை. பேட்ஸ்மேன் கையுறையைச் சரிசெய்துகொண்டு நின்றார். சற்று நேரத்தில் முன்வரிசையில் ஒருவர் கைபேசியைத் தூக்கிக் காட்டினார். ரீப்ளேயில் பந்து மட்டையைக் கடக்கும் இடத்தில் ஒலிக்கோடு எகிறியிருந்தது. பட்டிருக்கிறது. எங்கள் பகுதி அதையும் ஒரு விக்கெட் எடுத்ததுபோலக் கொண்டாடியது. எதிர்ப்பக்கத்தில் ஊளையிட்டார்கள். நானும் எழுந்து கை தட்டினேன். பழக்கதோஷம்.

தட்டிக்கொண்டே அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். 'போ, வெளியால போ' என்ற அந்தப் பேச்சுக்காகத்தான் திரும்பினேன். அவர் மடியில் இருந்த பொட்டலத்தின் காகிதத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். என் கை தானாக நின்றது.

நான் உட்கார்ந்தேன். ஒரு ஓவர் போனது.

"நான் போன கிழமை அந்த பஸ் ஓட்டுற மனுசனைப் போய்ப் பார்த்தனான்," என்றார். என்னைப் பார்க்கவில்லை, மைதானத்தைப் பார்த்துத்தான் பேசினார். "அவற்ர கிளப்பில விசாரிச்சுப் போனனான். பட்டது, நான் நிண்டிட்டன், மன்னிச்சுக்கொள்ளும் எண்டு சொன்னன்."

"என்ன சொன்னார்?"

"உங்கட அம்பயருக்குக் கேக்கேல்ல போல எண்டார். ஓம், அவருக்குக் கேட்டிருக்காது எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்."

அவர் இப்போதுதான் என் பக்கம் திரும்பினார்.

"தொண்ணூற்றேழில என்ர கால் அசையேல்ல தம்பி. வெக்கக்கேடு. ஆனா நீர் விரலைத் தூக்குவீர், நான் போயிடலாம் எண்டுதான் உம்மைப் பார்த்துக்கொண்டு நிண்டனான். உமக்குக் கேக்கேல்ல. அதால பிழை முழுக்க என்ரதுதான். அப்பிடித்தான் இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருக்கிறன்." பொட்டலத்தை மடியிலிருந்து எடுத்துக் காலடியில் வைத்தார். "கேட்டதோ உமக்கு?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இன்றைக்கும் அவர் என் தோளில் கை போட்டு டெஸ்ட் பார்ப்பார். ஆனால் அவர் பழி முழுவதையும் தன் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதையும் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல எனக்குத் தைரியம் போதவில்லை.

"கேட்டுச்சுண்ணே."

"கேட்டும் தூக்கேல்லையோ?"

"உங்களுக்காகத்தான்..."

"எனக்காகவோ?" என்றார். குரல் உயரவே இல்லை. உயர்த்தித் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எனக்கு நீர் செய்யவேண்டியிருந்தது ஒரேயொரு வேலைதான் தம்பி."

ஆட்டம் முடியும்வரை இருந்தோம். கட்லட்டைப் பிரித்து எனக்கு இரண்டு கொடுத்தார், தானும் இரண்டு சாப்பிட்டார். அந்த மாதிரி மனிதர். நான் முழுங்கிய கட்லட்டிலேயே அவ்வளவு கஷ்டப்பட்டு இறங்கியது அதுதான். ரயிலில் லிட்கம் வரும்போது எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அடுத்த சீசனுக்குத் திரும்பி வாறன். முழங்காலுக்கு ஒண்டுமில்லை. ஆனா நான் அடிக்கேக்க நீர் அம்பயரா நிக்க வேண்டாம். குறை நினைக்காதையும்."

"சரிண்ணே," என்றேன். கதவு திறந்தது, இறங்கிப் போய்விட்டார். குறை நினைக்க எனக்கு என்ன இருக்கிறது?

அக்டோபரில் சொன்னபடி வந்தார். நான் என் முறை வரும்போதெல்லாம் ஸ்கோர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். ஏன் என்று கேட்டால் கண் கூசுகிறது என்பேன். நவம்பரில் மறுபடியும் அதே பஸ் டிரைவர் அணி. அண்ணன் பதினொன்று எடுத்திருந்தபோது அவர் வீசிய பந்து ஒன்று கீப்பரிடம் போனது. எனக்குச் சத்தம் கேட்கவில்லை. அம்பயராக நின்ற எங்கள் பையனுக்கும் கேட்கவில்லை, உதட்டைப் பிதுக்கினான். அப்பீல்கூட முழுதாக வரவில்லை. அண்ணன் மட்டையை அக்குளில் செருகிக்கொண்டு நடந்தார். பஸ் டிரைவர் தன் இரண்டு கையையும் தட்டினார்.

அண்ணன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பேடை அவிழ்த்தார்.

"எத்தினை?"

"பதினொண்ணுண்ணே."

"காணும்," என்றார், போதும் என்ற அர்த்தத்தில். முகம் மலர்ந்து இருந்தது. நூற்றொன்று அடித்த நாளில் இருந்திருக்க வேண்டிய முகம். அதை அவரிடமிருந்து எடுத்தவன் நான். திருப்பிக் கொடுக்க வழியே இல்லை.

அவர் அவுட்டாகிவிட்டதால் இனி நான் போய் நிற்கலாம். புத்தகத்தை அவரே கை நீட்டி வாங்கிக்கொண்டார். கூழாங்கற்களோடு போய் நின்றேன். அடுத்த ஓவர் பஸ் டிரைவருடையது. என்னை அடையாளம் கண்டு சிரித்தார். தொப்பியைக் கழற்றி, கண்ணாடியை அதற்குள் வைத்து, என்னிடம் நீட்டினார். உள்பக்கம் வியர்வையில் ஈரமாக இருந்தது. அவருக்கு அண்ணன் சொன்னதுதான் தெரியும்: அன்றைக்கு எனக்குக் கேட்கவில்லை.

"தாங்க்ஸ், மேட்," என்றார்.

வாங்கிக்கொண்டேன். நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.